பேட்டரி இறங்காத கார்

தம்பி, அந்தப் பையில காலு படாமப் பாத்துக்கிடுங்க. உள்ள பாட்டில் இருக்கு. பயப்படாதீங்க, ஆசிட் எல்லாம் இல்ல. பேட்டரிக்கு ஊத்துத தண்ணி. டிஸ்டில்டு வாட்டர்னு கடையில கேட்டாத் தருவான். கண்டக்டர்கூட ஏறும்போது ஒரு மாதிரியாப் பாத்தான். என்ன சாமான் பெருசுன்னு கேட்டான். அவன் கேட்டதுல தப்பே இல்ல. நானா இருந்தா பையைத் தொறந்து காட்டச் சொல்லியிருப்பேன்.

புதியம்புத்தூர்தான் போறேன். நீங்களும் அங்கதானா? ரெடிமேட் துணி எடுக்கவா? சரி சரி, சொல்ல இஷ்டமில்லைன்னா விடுங்க.

எங்க கார் அங்க நிக்கி, அதைப் பாக்கப் போறேன். கார் வெச்சிருக்கவன் எதுக்கு பஸ்ஸுல நெருக்கிக்கிட்டுப் போறான்னு நினைக்கீங்க, இல்ல? மூஞ்சியில தெரியுது. எனக்கு மூஞ்சி பாத்தாலே தெரியும். நான் தூத்துக்குடியில ஒரு உப்புக் கம்பெனியில எடைமேடையில உக்காந்து ரிட்டயர் ஆனவன். சண்முகவேல்னு கேட்டா யாருக்கும் தெரியாது, எடைமேடைக்காரர்னு கேட்டா லாரி செட்டுல அத்தனை பேரும் சொல்லுவான். வெறும் வண்டிய எடை போட ஏத்தும்போது சீட்டுக்கு அடியில ஆளைப் படுக்க வெச்சிருப்பான். வெறும் வண்டி எடை கூடினா அவனுக்கு அம்புட்டு உப்பு சும்மா. தண்ணி டேங்க்கை நெறைச்சுட்டு வருவான். டூல்ஸ் பெட்டியில கல்லைப் போட்டுட்டு வருவான். நான் எந்திரிச்சுக்கூடப் போக மாட்டேன். டிரைவர் பீடி பத்த வைக்கிற தினுசைப் பாத்தே சொல்லிருவேன், போய் கல்லை எறக்கிட்டு வாலேன்னு.

அப்படிப்பட்ட என்னையே ஏமாத்திட்டாங்க. யாரு? சொல்லுதேன், சொல்லுதேன்.

ரிட்டயர் ஆனதும் அந்தக் காரை வாங்கினேன். வாங்கின நாள்ல இருந்து வேற கை பட்டதில்ல. சீட்டு மேல கம்பெனிக்காரன் போட்டு அனுப்புவான்லா பாலித்தீன் கவர், அதைக்கூட நான் கிழிக்கல. எதுக்குக் கிழிக்கணும்? சீட்டு அழுக்காகவா? செருப்பைக் கழத்திக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் ஏறணும். வண்டிக்குள்ள முறுக்கு, கடலை, ஒண்ணும் கூடாது. என் வீட்டுக்காரி செண்பகவல்லி ஒரு தடவை கோயிலுக்குப் போயிட்டு வரும்போது திருநூறைத் தட்டிவிட்டுட்டா. ஏசி ஓட்டைக்குள்ள போயிட்டு. பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷை வெச்சு ஒவ்வொரு இடுக்கா எடுத்தேன். அவ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. சங்கடப்பட்டிருப்பா, பாவம்.

ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா கால்மிதி நாலையும் எடுத்து உதறி வெயில்ல போட்டு, உள்ள வேக்குவம் புடிச்சு, கண்ணாடிக்கு நியூஸ் பேப்பரை நனைச்சுத் தேச்சு, அப்புறம் பானட்டைத் தூக்குவேன். நம்ம ஊரு உப்புக் காத்து பேட்டரிக்கு எமன். வயர் மாட்டுத டெர்மினல்ல வெள்ளையாப் பூத்துப்போயிரும். வெந்நியை ஊத்தித் தொடைச்சு, காய வெச்சு, வாசலின் தடவணும். இந்த வேலை தெரியாதவன் எல்லாம் கார் வாங்குதான், பெறகு வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு தெருவுல நின்னு தள்ளுதான்.

ஓட்டுனீங்களான்னு கேக்கீங்களா? ஓட்டாம? கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, அப்படி எடுப்பேன். சும்மா சும்மா எடுத்து ஓட்டுறதுக்கு அது என்ன ஆட்டோவா?

சரி, கதைக்கு வாரேன். பையன் ஜெயராம் ஓசூர்ல வேலை பாக்கான். அங்க வீடு கட்டினான். கொத்தனாரை நம்பி விட முடியுமா? சிமென்ட்டுல பாதியைப் பக்கத்து வேலைக்குக் கொண்டு போயிருவான். அதனால தீபாவளி முடிஞ்ச கையோட நான் போயிட்டேன். செண்பகவல்லியைக் கூப்பிட்டேன். முட்டு வலி, மாடிப்படி ஏற முடியாது, நான் வரலன்னுட்டா. முட்டு வலின்னு சொல்லும்போது அவ என் கண்ணைப் பாக்கல. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

போறதுக்கு முந்தி பேட்டரியில மைனஸ் வயரைக் கழத்தி, ஒரு பழைய பனியன் துணியைச் சுத்தி வெச்சேன். ரொம்ப நாள் நிக்கிற வண்டிக்கு அப்படிச் செஞ்சாத்தான் பேட்டரி லேசுல இறங்காது. கிலோமீட்டரைப் பாத்து வெச்சிருக்கலாம். தோணல. சாவி அவ பீரோவுல இருக்கு. அவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. கார் ஓட்டத் தெரியாதவ கிட்ட சாவி இருக்கதைவிடப் பத்திரம் வேற எது, சொல்லுங்க?

கல்யாணமான புதுசுல எங்க கம்பெனி ஜீப்பைப் பாத்துட்டு, எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்களேன்னு கேட்டிருக்கா. கிளட்ச்சைத் தேச்சுருவன்னு சொல்லிச் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. அதோட சரி.

ஓசூர்ல வேலை இழுத்துக்கிட்டே போச்சு. ஆனி கடைசியிலதான் ஊருக்கு வந்தேன். குளிச்சிட்டு நேரா கார்கிட்டத்தான் போனேன். பானட்டைத் தொறந்து, சுத்தின துணியைப் பாக்காமலே உருவிக் கீழ போட்டுட்டு வயரை மாட்டினேன். மாட்டினா மட்டும் ஸ்டார்ட் ஆயிருமா? பழைய பேட்டரி. அத்தனை மாசம் சும்மா கெடந்திருக்கு. வயரைக் கழத்தி வெச்சாலும் தன்னால கொஞ்சம் கொஞ்சமா இறங்கத்தான் செய்யும். மெக்கானிக்கைக் கூப்பிடணும், சார்ஜ் ஏத்தணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன்.

ஒரே திருப்பு. கபால்னு ஸ்டார்ட் ஆயிட்டு.

நீங்களா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பீங்க. நான் எறங்கி மறுபடியும் பானட்டுக்கிட்ட வந்தேன். செத்துக் கெடக்க வேண்டிய பேட்டரி எப்படி உசுரோட இருக்கு? உள்ள குனிஞ்சு பாக்கேன், டெர்மினல்ல ஒரு பொட்டு வெள்ளை இல்ல. புதுசா வாசலின் தடவியிருக்கு. நான் சுத்தின பனியன் துணியக் காணோம். நான் உருவிப் போட்டது ரோஸ் கலர் ரவிக்கைத் துணி. ரோஸ் கலரு தம்பி! என் வண்டிக்கு எங்க இருந்து ரவிக்கைத் துணி வந்துது?

பின்னாடி திரும்பிப் பாத்தா பாலித்தீனைக் காணோம். பின் சீட்டுல இருந்ததை அப்படியே உரிச்சிருக்கு. சீட்டு நீலக் கலர்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

"செண்பகவல்லி, கவரை யாரு எடுத்தா?"

"எலி கடிச்சுப் போட்டுட்டு. அதான் எடுத்துத் தூரப் போட்டேன்."

"எலி வந்தா சீட்டையும் கடிச்சிருக்குமே?"

"அதுகிட்டத்தான் கேக்கணும்"னுட்டு உள்ள போயிட்டா. பதில் டக்குன்னு வந்துது பாத்தீங்களா? யோசிச்சு வெச்சிருந்தாத்தான் அப்படி வரும்.

வண்டிய முழுசாச் சுத்தம் பண்ணுதேன்னு சொல்லி எறங்கினேன். நிசத்துல நான் தேடிக்கிட்டு இருந்தேன். ஆனா வண்டி சுத்தமா இருக்கு, தம்பி. அதுதான் எனக்கு ஆகல. நான் தொடைக்கிறதைவிடச் சுத்தம். கதவு இடுக்குல தூசி இல்ல. சீட்டு பெல்ட்டைக்கூட சோப்புப் போட்டுக் கழுவியிருக்கு. கால்மிதியைத் தூக்கினா எலுமிச்சம்பழத் தோலும் சோடா உப்புமா வாசம் அடிக்கி. யாராவது உள்ள வாந்தி எடுத்தாத்தான அப்படிக் கழுவணும்? முன் சீட்டைத் தள்ளி, சீட்டு நகருத கம்பிப் பள்ளத்துல டார்ச் அடிச்சேன். அங்க கெடந்துது. பஞ்சு. பிளாஸ்திரியோட ஒட்டின பஞ்சு. அதுல காஞ்ச ரத்தம்.

அதை ஒரு பேப்பர்ல மடிச்சு வெச்சுக்கிட்டேன்.

பக்கத்து வீட்டுல இஸ்ரவேல்னு ஒருத்தர். ஸ்கூல் வேன் ஓட்டுதாரு. தெருவுல கார் ஓட்டத் தெரிஞ்ச ஆளு அவர் ஒருத்தர்தான். நான் வந்ததுல இருந்து என்னைப் பாத்தா சிரிக்காரு. அதுக்கு முந்தி சிரிச்சதே இல்ல. எனக்குக் கணக்கு சரியா விழுந்துட்டு. என் வண்டிய எடுத்து ஓட்டியிருக்கான், யாரோ பொம்பளைய ஏத்தியிருக்கான், எங்கயோ கொண்டு மோதியிருக்கான், ரத்தத்தைக் கழுவி வெச்சிருக்கான். இவளுக்குத் தெரியும், பயந்துக்கிட்டு வாயைத் தொறக்காம இருக்கா. இதான் என் கணக்கு.

மறுநாள் காலையில அவர் வேனைத் தொடைச்சுக்கிட்டு இருக்கும்போது போய் நின்னேன். தெருவுல எல்லாரும் தண்ணி புடிச்சுக்கிட்டு நிக்காங்க. நிக்கட்டும்னுதான் போனேன்.

"இஸ்ரவேல், என் வண்டியில யாரை ஏத்தினீர்?"

"என்ன அண்ணாச்சி, காலங்காத்தால?"

பஞ்சை நீட்டினேன். "இது யாரு ரத்தம்?"

அவரு பஞ்சைப் பாத்தாரு. பெறகு என்னைப் பாக்கல, எங்க வீட்டு வாசலைப் பாத்தாரு. "வீட்டுல போய்க் கேளுங்க அண்ணாச்சி."

"வீட்டுல எதுக்குக் கேக்கணும்? வண்டி எடுக்கத் தெரிஞ்சது நீர்தான? போலீஸுக்குப் போனா எல்லாம் தன்னால வெளிய வரும்."

அந்த மனுசன் கையில துணிய வெச்சுப் பிழிஞ்சுக்கிட்டே நிக்காரு. தண்ணி புடிக்க வந்தவளுக எல்லாம் குடத்தை அப்படியே விட்டுட்டுப் பாக்காளுக. அப்பத்தான் செண்பகவல்லி வாசல்ல இருந்து எறங்கி வந்தா.

"அவரை விடுங்க. நான்தான் எடுத்தேன்."

"என்னத்த எடுத்த?"

"காரை."

"எடுத்து?"

"ஓட்டினேன்."

நான் சிரிச்சுட்டேன், தம்பி. நிசமாச் சிரிச்சுட்டேன். தெருவுல வேற யாரும் சிரிக்கல. ஒருத்திகூடச் சிரிக்கல. அதைப் பாத்ததும்தான் விளங்கிச்சு. தெரு முழுக்கத் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியல.

வீட்டுக்குள்ள வந்து லைசென்ஸை எடுத்து மேசையில வெச்சா. நான் ஓசூருக்குப் போன மறு வாரமே லேடீஸ் டிரைவிங் கிளாஸுல சேந்திருக்கா. அந்த லைசென்ஸ் போட்டோவுல நல்லாத்தான் இருந்தா, அது வேற விசயம். யாருக்காக இம்புட்டும்னு நினைக்கீங்க? அவ அக்கா கோமதிக்காக.

கோமதி புதியம்புத்தூர்ல துணி தைக்கிறவ. புருசன் இல்ல, புள்ளையும் இல்ல. அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்ல. எனக்கு இல்லன்னா இவளுக்கும் இல்ல, அந்த வீட்டு வாசலை இவளும் மிதிக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன். காரணம் இல்லாமலா சொல்லுவேன்? எங்க புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்தவ, பந்தியில எல்லார் முன்னாலயும் என்னைப் பாத்துக் கேட்டா: "என்ன, எந் தங்கச்சிக்குச் சோத்தையும் எடைமேடையில வெச்சுத்தான் போடுதீங்களோ?" பந்தியே சிரிச்சுது. என் மேனேஜர் அங்க உக்காந்திருந்தாரு, அவரும் சிரிச்சாரு. பாயசத்தை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. எத்தனை வருசம் ஆச்சு! மறக்கக்கூடிய பேச்சா அது?

இப்ப அவளுக்குக் கிட்னி ரெண்டும் போயிட்டாம். வாரத்துக்கு ரெண்டு தரம் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் சுத்தம் பண்ணணும். பண்ணி முடிச்சதும் ஊசி குத்தின எடத்துல பஞ்சை ஒட்டி அனுப்புவாங்க, தலை சுத்தும், வாந்தி வரும். பஸ்ஸுல போகும்போது விழுந்துட்டாளாம். "நான் உங்ககிட்ட வந்து கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"ன்னு இவ கேக்கா. நான் என்ன சொல்லியிருப்பேன்னு அவளே எப்படி முடிவு பண்ணலாம்? கேட்டுப் பாத்திருக்கணும்லா? பேட்டரி பாக்கிறதுக்கு இஸ்ரவேல்தான் சொல்லிக் குடுத்திருக்காரு. எஞ்சின் அணைக்கிறதுக்கு முந்தி ஏசி, லைட்டு எல்லாத்தையும் அணைக்கணும், வந்து நிறுத்தினதும் டெர்மினலைத் தொடைக்கணும்னு. ரவிக்கைத் துணி கோமதி வீட்டுத் துண்டுத் துணி.

எனக்கு அப்பவும் ஒரு சந்தேகம். வண்டி ஓட்டணும்னு ஆசைப்பட்டு, அதுக்கு நோவை ஒரு சாக்கா வெச்சுக்கிட்டாளோன்னு. அவகிட்டயே கேட்டேன். அவ என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. நான் லாரிக்காரனைப் பாக்கிற பார்வை அது.

அன்னைக்குச் சாயங்காலம் பேட்டரியையே கழத்தி எடுத்து என் கட்டிலுக்கு அடியில வெச்சு, ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். வண்டி என் பேருல இருக்கு. நாளைக்கு எங்கயாவது இடிச்சா நான்தான பதில் சொல்லணும்? பாதுகாப்புக்குத்தான் செஞ்சேன். வேற ஒண்ணும் இல்ல.

காலையில வந்து கதவைத் தட்டினா. "பேட்டரியைக் குடுங்க. இன்னைக்கு அக்காளுக்கு ஆஸ்பத்திரி."

"ஆட்டோவுல கூட்டிட்டுப் போ."

ரெண்டாவது தடவை கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன். சத்தியமாக் குடுத்திருப்பேன். அவ கேக்கல.

ஆட்டோவுலதான் போயிருக்காங்க. திரும்பும்போது மேடு பள்ளத்துல தூக்கிப் போட்டு, கோமதி மயங்கி வெளிய சாஞ்சுட்டாளாம். நெத்தியில தையல் போட்டு ஆஸ்பத்திரியில ஒரு நாள் வெச்சிருந்தாங்க. ஆட்டோக்காரன் வேகமாப் போனதுக்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனா யாருமே அவனை ஒண்ணும் சொல்லல. கவனிச்சீங்களா?

மறுநாள் எங்க வீட்டு முன்னால ஒரு வண்டி வந்து நிக்கி. பேட்டரிக் கடைக்காரன். புதுப் பேட்டரியைத் தூக்கிக்கிட்டு வாரான். நான் வாசல்ல நிக்கேன், என்னைக் கேக்கவே இல்ல. "மேடம், பழசு எங்க?"ன்னு அவகிட்டக் கேக்கான். மேடமாம்! "பழசு அவருக்கு வேணும்"ங்கா. கைச்செயின் ஒண்ணு போட்டிருப்பா, அன்னைக்கு அது கையில இல்ல. பேட்டரியை மாட்டி முடிச்சதும் பைய எடுத்துக்கிட்டு வந்து வண்டியில ஏறினா.

"எங்க போற?"

"அக்கா வீட்டுக்கு."

"எப்ப வருவ?"

"வண்டி வேணும்னா சொல்லி விடுங்க, கொண்டாந்து விட்டுருதேன்."

நான் வண்டியைக் கேக்கல, அவளைக் கேட்டேன். அவ பதிலை வண்டிக்குச் சொல்லுதா. பாத்தீங்களா சூதை?

எங்க வீட்டு கேட்டு குறுகல். நானே ரிவர்ஸ் எடுக்கும்போது ரெண்டு தடவை எறங்கிப் பாத்துத்தான் எடுப்பேன். அவ ஒரே வளைப்புல எடுத்தா. உரசல. கண்ணாடி மடக்கல. இஸ்ரவேல் அவர் வீட்டு வாசல்ல நின்னு கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தாரு. நான் உள்ள வந்துட்டேன்.

அது ஆடி மாசம். இப்ப ஐப்பசி. பையன் போன் பண்ணுவான். "அம்மாவைப் போய்க் கூப்பிடுங்கப்பா"ங்கான். அவனும் அவ கட்சி. நான் மெஸ்ஸுல சாப்பிடுதேன். மெஸ்ஸுக்காரன் சாம்பார்ல தண்ணி ஊத்துதான், சொன்னா முறைக்கான். கட்டிலுக்கு அடியில இருக்க பேட்டரிய வாராவாரம் எடுத்துத் தொடைச்சு, சார்ஜ் ஏத்தி வைக்கேன். எதுக்குன்னு கேக்காதீங்க. நல்ல பேட்டரியை வீணாக்க முடியுமா?

இப்ப மழைக்காலம். மழை நேரத்துல எல்லாரும் லைட்டு, வைப்பர், ஏசி எல்லாத்தையும் ஒண்ணாப் போடுவாங்க. பேட்டரிக்கு அம்புட்டும் சுமை. கால்மிதி நனைஞ்சு பூசணம் புடிக்கும். புதுப் பேட்டரிக்குத் தண்ணியே ஊத்த வேண்டாம், சீல் வெச்சதுன்னு கடைக்காரன் சொல்லுதான். நம்ப முடியுமா? தண்ணி கேக்காத பேட்டரி உலகத்துல உண்டா? அதான் நேர்ல பாத்துருவோம்னு கெளம்பினேன். வண்டியைப் பாக்கத்தான் போறேன். வேற யாரையும் கூப்பிடவும் இல்ல, கெஞ்சவும் இல்ல. வண்டியைப் பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன்.

கோமதிக்கு இப்பக் கொஞ்சம் தேவலையாம். நெத்தித் தழும்பு ஆறிட்டாம். காப்பி மட்டும் குடிக்கக் கூடாதாம். இல்ல, நான் கேக்கல. பையன்தான் சொன்னான்.

ஊர் வந்துட்டா? அந்தா, அந்த வேப்ப மரத்துக்கிட்ட வெள்ளையா ஒரு கார் நிக்கி பாருங்க. எங்க வண்டிதான்! எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு, பொகை தெரியுதுலா. நான் இந்த பஸ்ஸுல வாரேன்னு அவளுக்கு யாரு சொன்னா? கெளம்பும்போது பையன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். கேட்டீங்களா, எல்லாம் கூட்டு. பின்னாடி கண்ணாடியில தலையைச் சாச்சுக்கிட்டு ஒருத்தி இருக்கா பாருங்க, அதுதான் கோமதி. ரொம்ப மெலிஞ்சு போயிட்டா. இன்னைக்கு ஆஸ்பத்திரி நாளோ என்னவோ. அப்போ நேரமாயிருக்குமே, போகாம எதுக்கு நிக்கா?

செண்பகவல்லி என்னைப் பாத்துட்டா. கையெல்லாம் காட்டல. உக்காந்த வாக்குலயே எட்டி முன் கதவைத் தொறந்து விடுதா. அந்தப் பக்கக் கதவை.

எறங்கணும் தம்பி, கொஞ்சம் வழி விடுங்க. ஒரு நிமிசம், நீங்க கார்ல முன்னாடி இடது பக்கம் உக்காந்திருப்பீங்கள்லா? நான் உக்காந்ததே இல்ல. அந்தப் பக்கம் பெல்ட்டு எந்தத் தோளுல வரும்?